636701-க்குள் நான்கு பேர்

கண்ணாடி வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. தப்பு என்னுடையதுதான். அக்கா மகளுக்குப் பவர் மாறிவிட்டது என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டவன் நான். பின்கோடு கேட்ட கட்டத்தில் 636701 என்று அடிக்காமல் 637601 என்று அடித்தவனும் நானே. பார்சல் எங்கெங்கோ சுற்றிவிட்டு, மேலே ஒரு பேனாக் கிறுக்கலோடு தர்மபுரிக்கு வந்தது. அத்தனை நாளும் பழைய கண்ணாடியோடு கரும்பலகையை முறைத்துக்கொண்டிருந்தவள், பிரித்த கையோடு புதுசைப் போட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் உறையைத்தான் பார்த்தாள்.

"மாமா, ரெண்டு நம்பருக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"தொள்ளாயிரம், கண்ணு."

"அப்ப ஒன்பதால வகுபடுது. எங்க அக்கவுண்டன்சி சார் சொல்வாரு. டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாரு, வகுபட்டா எங்கயோ இலக்கத்தை மாத்திப் போட்டிருப்பேன்னு."

அவள் பிளஸ் ஒன். வணிகவியல் பிரிவு. கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சனி ஞாயிறுக்கு ஊருக்கு வருவாள். கணக்கு வேண்டாம் என்று சொல்லித்தான் அந்தப் பிரிவில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு கணக்கு வேறு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது போல.

அவள் சார் சொன்னது பழைய கணக்குப்பிள்ளைகளின் வித்தை. ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் புதிய எண்ணுக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். 10, 100, 1000 எல்லாமே ஒன்பதால் வகுத்தால் மீதி 1 தருகிறவை. அதனால் இலக்கம் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் ஒன்பதின் கண்ணுக்கு அது ஒன்றுதான். பிழை நடந்திருப்பதை வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதற்குச் சரியான எண் கையில் இருக்க வேண்டும். பின்கோட்டில் அந்த வசதி கிடையாது. ஆதாரில் உண்டு. அதன் பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி இலக்கம் சும்மா வந்ததில்லை, முந்தைய பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வைத்தது. வெர்ஹூஃப் என்ற டச்சுக்காரர் 1969-ல் கண்டுபிடித்த முறை. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தாலோ, அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றினாலோ பிடித்துவிடும். பின்கோட்டுக்கு அப்படி ஒரு காவலாள் இருந்திருந்தால் கண்ணாடி நாலு நாளில் வந்திருக்கும். பழியை எண்ணின் மேல் போட்டுவிட்டேன், பாருங்கள்.

ஆனால் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாதது 637601 இல்லை. 636701-ஏதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து எழுதிவரும் எண். ரேஷன் கார்டு, கல்லூரி விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று எத்தனையோ இடத்தில் எழுதியாயிற்று. ஒருநாளும் அதை எண்ணாகப் பார்த்ததில்லை. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. வகுத்துத் தந்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர், மத்திய அரசு அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் 6 தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவுக்கு உரியது. 636 என்ற தொடக்கம் சேலத்துக்கும் நமக்கும் பொது. சேலத்திலிருந்து நாம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல். பின்கோடு வந்தபோது பாகப்பிரிவினை முடிந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் வீட்டுப் பெயர் ஒன்றாகவே நின்றுவிட்டது. அதியமான் ஆண்ட தகடூருக்கு இப்படியாக ஆறு இலக்கத்தில் இன்னொரு பெயர்.

தபால்காரர்கள் கொடுத்தது அந்த ஆறு இலக்கம் மட்டும்தான். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

திங்கள் விடியற்காலை அவளைக் கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டு நான் ஓசூருக்குப் போவது வழக்கம். பஸ் நான்கு ரோட்டைத் தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். நான் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். மெஷினில் வரும் அந்த வழவழப்புத் தாளில் பேனா சறுக்கும், ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கினால் 7 வந்து 1 ஆகிவிடும். அதனால் மனக்கணக்காகவே முடிந்த வரை போனேன்.

இரட்டைப்படை இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 23, ஆக 3-உம் இல்லை. கடைசி இலக்கம் 1, ஆக 5-உம் இல்லை. அப்புறம் 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிட ஒரு வழி உண்டு. அந்த மூன்றையும் பெருக்கினால் 1001. ஆகவே ஆறு இலக்க எண்ணை நடுவில் வெட்டி, ஒரு பாதியிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். 701-இல் 636 போனால் 65. 65-ஐ 7 வகுக்காது, 11 வகுக்காது, 13 வகுக்கும். முதல் ஆள் அகப்பட்டுவிட்டார். 636701 என்பது 13 × 48977.

காரிமங்கலம் வந்தது. 48977-ஐ முறைத்துக்கொண்டிருந்தபோது, போகிற ஊரின் எண் நினைவுக்கு வந்தது. கிருஷ்ணகிரி 635001. இரண்டுக்கும் பொதுவாக ஏதாவது இருக்குமா? பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வழிமுறை என்று ஒன்றைப் படித்திருப்போம், மீப்பெரு பொதுக் காரணி (மீ.பொ.கா.) கண்டுபிடிக்க. அதன் சாரம் ஒரே வரிதான். இரண்டு எண்களையும் வகுக்கிற எதுவும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். 636701-இல் 635001 போக 1700. அதாவது 17 × 100. நூறில் இருப்பவை 2-உம் 5-உம்தான். 1-இல் முடிகிற எண்களை அவை இரண்டும் தொடாது. ஆகத் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பொதுவாக ஏதாவது இருந்தால் அது 17 மட்டுமே. இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டையும் 17-ஆல் வகுத்தால் ஒரே மீதி வரும் என்பது மட்டுமே உறுதி, அந்த மீதி 0-விலிருந்து 16 வரை எதுவாகவும் இருக்கலாம்.

வகுத்துப் பார்த்தேன். 635001 = 17 × 37353. மீதி பூஜ்யம். அப்படியானால் 636701 = 17 × 37453, நூறு கூட, அவ்வளவே.

பக்கத்தில் தூங்குகிறவளை எழுப்பிச் சொல்லலாமா என்று தோன்றியது. 2004 பிப்ரவரி 9-ல் தர்மபுரியைப் பிரித்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் உண்டாக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் தனி, கோப்புகள் தனி. இந்த 17 மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது. எந்த அரசாணையாலும் பிரிக்க முடியாது. எழுப்பவில்லை. விடியற்காலையில் எழுப்பி 17 என்று சொன்னால் எந்த மருமகளும் மன்னிக்க மாட்டாள்.

48977-ஐ 17-ஆல் வகுத்தால் 2881. இது பகா எண்ணா? இங்கேதான் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதக்காரரின் முறையை எடுத்தேன். என் கணிப்பில் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டிய முறை, யாரும் சொல்லித்தருவதில்லை. சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு கீழிருந்து ஏறுவதற்குப் பதில், வர்க்கமூலத்திலிருந்து தொடங்குவது. எண்ணைவிடச் சற்றுப் பெரிய வர்க்கத்தை எடு, எண்ணைக் கழி, மிச்சமும் வர்க்கமாக இருந்தால் வேலை முடிந்தது. 54-இன் வர்க்கம் 2916. 2881 போக 35, வர்க்கம் இல்லை. 55-இன் வர்க்கம் 3025. 2881 போக 144. பன்னிரண்டின் வர்க்கம்! ஆக 2881 என்பது 55-இலிருந்து 12 கழித்ததையும் 55-உடன் 12 கூட்டியதையும் பெருக்கியது. 43 × 67.

ஃபெர்மா 1643-ல் ஒரு கடிதத்தில் இதே முறையால் 2027651281 என்ற எண்ணை 44021 × 46061 என்று உடைத்துக் காட்டினார். பன்னிரண்டே படி. பத்து இலக்க எண், கையில் இறகுப் பேனா. காரணிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால்தான் இந்த முறை வேகமாக ஓடும். தூரத்தில் இருந்தால் நாள் முழுக்கக் கழித்துக்கொண்டே இருக்கலாம். நாம் செல்போனில் பணம் அனுப்பும்போது பூட்டுப் போடுகிற கணக்குகளில் ஒரு வகை, இப்படி உடைப்பது கஷ்டம் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. பூட்டு செய்கிறவர்கள் இரண்டு பகா எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்துவிட்டால் ஃபெர்மாவே எழுந்து வந்து திறந்துவிடுவார்.

காவேரிப்பட்டணம் தாண்டும்போது கையில் முழுசாக இருந்தது: 13 × 17 × 43 × 67.

நான்கு பகா எண்கள், ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. பதினாறு வகுத்திகள். தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 117283, எண்ணைவிட ரொம்பக் குறைவு, ஆகக் குறை எண். இதெல்லாம் பாட்டியின் ஜாதகக் குறிப்பு மாதிரி, எழுதி வைத்துக்கொள்ளலாம், பெரிய சுவை இல்லை. எனக்குப் பிடித்தது வேறு. 17 × 43 = 731, 13 × 67 = 871. இரண்டும் ஓரளவு பக்கத்தில் இருக்கும் எண்கள். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. 731 வரிசை, வரிசைக்கு 871 கன்று. நடவு முடிந்தால் சரியாக ஒரு தர்மபுரி. கிட்டத்தட்ட சதுரத் தோப்பு. இந்த எண்ணைச் சதுரத்துக்கு இதைவிடப் பக்கமாக நட வழி இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 43, 67 இரண்டையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் எங்கோ மணி அடித்தது. ஓசூர் போய்ச் சேரும் வரை அது என்னவென்று பிடிபடவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் பிடிபட்டது.

1, 2, 3, 7, 11, 19, 43, 67, 163.

ஒன்பது எண்கள். இவற்றுக்கு ஹீக்னர் எண்கள் என்று பெயர். ஏன் விசேஷம் என்று சொல்ல முயல்கிறேன். 636701-ஐ நான் எந்த வழியில் உடைத்தாலும் கடைசியில் அதே நால்வர்தான் வருவார்கள். இது நமக்குப் பழகிப்போனதால் இயல்பாகத் தெரிகிறது. முழு எண்களோடு -5-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்டு கொஞ்சம் பெரிய எண் உலகம் ஒன்றைக் கட்டினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். அங்கே 6 என்பது 2 × 3. அதே 6 (1 + √-5) × (1 - √-5) என்றும் உடையும். இரண்டு வெவ்வேறு குடும்பம், இரண்டுக்கும் ஒரே பிள்ளை. எந்தெந்த எதிர்மறை எண்ணின் வர்க்கமூலத்தைச் சேர்த்தால் ஒழுங்கு குலையாது? அதற்கு விடைதான் அந்த ஒன்பது, முன்னால் கழித்தல் குறியோடு (1, 2 தவிர மற்றவற்றில் (1 + √-3)/2 மாதிரியான பாதிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்). காஸ் என்ற ஜெர்மானியக் கணிதக்காரர் 1801-ல் தன் புத்தகத்தில் இந்தப் பட்டியல் இத்தோடு நின்றுவிடும் என்று ஊகித்தார். நிரூபிக்க ஆள் வர 1952 ஆனது. குர்ட் ஹீக்னர், பெர்லின்காரர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், ரேடியோ பொறியியலாளர். பல்கலைக்கழகப் பதவி இல்லை. அவர் நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். 1965-ல் இறந்துபோனார். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் பேக்கர், ஸ்டார்க் என்ற இரண்டு கணிதக்காரர்கள் தனித்தனியே நிரூபித்தார்கள். பிறகு ஸ்டார்க்கே ஹீக்னரின் தாள்களைத் திருப்பிப் பார்த்து, பெரிய ஓட்டை எதுவும் இல்லை, மனிதர் சரியாகத்தான் செய்திருக்கிறார் என்றார். தர்மபுரி மாவட்டம் பிறந்த வருஷத்தில் போய்ச் சேர்ந்தவரின் பெயர் தர்மபுரி எண்ணில் இரண்டு முறை ஒளிந்திருக்கிறது. இதில் ஏதும் அர்த்தம் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சரி, 43 நடைமுறையில் என்ன செய்கிறது? ஓர் எண்ணை எடுங்கள், அடுத்த எண்ணால் பெருக்குங்கள், 11 கூட்டுங்கள். 0-விலிருந்து தொடங்கினால் 11, 13, 17, 23, 31, 41, 53, 67, 83, 101. பத்தும் பகா எண்கள். அடுத்தது 121, அங்கே அறுந்துவிடும். இந்தப் பத்தும் தவறாமல் வருவதற்குக் காரணம் 43 அந்த ஒன்பதில் இருப்பதுதான் (11-ஐ நான்கால் பெருக்கி ஒன்று கழியுங்கள்). இந்தத் தொடர்பை 1913-ல் காட்டியவர் ராபினோவிச்.

11-இல் தொடங்கிய இந்தப் பத்தின் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். 13 இருக்கிறது. 17 இருக்கிறது. 67 இருக்கிறது. பட்டியலை நடத்துகிறவர் 43. தர்மபுரியின் நால்வரும் ஒரே பந்தியில்.

இன்னொன்று. 11-க்குப் பதில் 17 கூட்டினால்? 17, 19, 23, 29, 37 என்று தொடங்கிப் பதினாறு பகா எண்கள் இடைவிடாமல் வரும், 257 வரை. அடுத்தது 289, அதாவது பதினேழின் வர்க்கம். இதை நடத்துகிறவர் 67. பதினேழை நான்கால் பெருக்கி ஒன்று கழித்தால் 67. இதே வரிசையில் பெரியண்ணன், 41 கூட்டினால் நாற்பது பகா எண்கள் தருவது, ஆய்லர் 1772-ல் கவனித்தது. அதை நடத்துகிறவர் 163.

இந்த 67-ஐ வைத்து இன்னும் ஒரு காரியம் செய்யலாம். 67-இன் வர்க்கமூலத்தை π-ஆல் (3.14159...) பெருக்கி, 2.71828 என்று முடிவில்லாமல் போகும் அந்த எண்ணை அத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் வருவது 147197952743.9999987 சொச்சம். முடிவில்லாத இரண்டு எண்களும் ஒரு வர்க்கமூலமும் சேர்ந்து ஒரு முழு எண்ணின் வாசற்படி வரை வந்து நின்றுவிடுகின்றன. அந்த முழு எண் 147197952744. அதில் 744-ஐக் கழித்தால் 5280-இன் கனம், துல்லியமாக. (ஒரு மைலுக்கு 5280 அடி. சும்மா.) 43-ஐ வைத்துச் செய்தால் 884736744-க்கு மயிரிழை கீழே வரும். அதில் 744 போனால் 960-இன் கனம். 163-ஐ வைத்துச் செய்தால் நெருக்கம் இன்னும் பல மடங்கு. எர்மீட் என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் 1859-லேயே அதைப் பார்த்துவிட்டார். கணிதப் புதிர்கள் எழுதிவந்த மார்ட்டின் கார்ட்னர் 1975-ல் ஏப்ரல் முட்டாள் விளையாட்டாக அது முழு எண்ணேதான் என்று எழுத, நம்பியவர்களும் உண்டு. ராமானுஜன் 1914 கட்டுரையில் 22, 37, 58 என்று வேறு எண்களை வைத்து இதே மாதிரி நெருக்கங்களைக் காட்டியிருக்கிறார். ஈரோட்டில் பிறந்தவர், நமக்குப் பக்கத்துக்காரர். 1729 டாக்ஸிக் கதையை இங்கே சொல்லப் போவதில்லை, எல்லாரும் சொல்லியாயிற்று.

இனி எதிர்த்தரப்பு வக்கீல் பக்கம். நால்வரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது அதிசயமா? நூறுக்குள் 25 பகா எண்கள். 43-ஐ ஒதுக்கினால் 24. அவற்றில் ஒன்பது, 11-இலிருந்து 83 வரை, அந்தப் பத்தின் பட்டியலில் இருக்கின்றன. 24-இல் கண்ணை மூடி மூன்றை எடுத்தால் மூன்றும் அந்த ஒன்பதில் விழ வாய்ப்பு ஏறக்குறைய 24-இல் ஒன்று. காலைக் கூட்டத்தில் ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைப்பதைவிட மோசம் இல்லை. தவிர, இந்த ஒற்றுமையைத் தேடி நான் போகவில்லை, கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டேன். வேறொன்று பட்டிருந்தால் அதை அதிசயம் என்றிருப்பேன். சின்ன எண்கள் கொஞ்சம், அவற்றின் மேல் சுமத்தப்படும் வேலைகள் ஏராளம், ஆகவே மோதிக்கொண்டேதான் இருக்கும் என்று ரிச்சர்ட் கை என்ற கணிதக்காரர் ஒரு விதியே எழுதி வைத்திருக்கிறார்.

வக்கீல் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் எண்ணைக் கொடுத்தது தபால் துறை, தற்செயல். 43 அந்தப் பட்டியலை நடத்துவது தற்செயல் இல்லை. தர்மபுரி என்று ஓர் ஊர் இல்லாவிட்டாலும் அது நடத்தும். நான் வாசற்கதவில் ஒட்டிய எண்ணைத் தட்டினேன், கதவு தற்செயல்தான், உள்ளே இருந்த வீடு அப்படியில்லை.

சனிக்கிழமை அவள் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். ஹீக்னருக்காக வருத்தப்பட்டாள். பிறகு, "எங்க கிருஷ்ணகிரிய பாதியில விட்டுட்டீங்களே மாமா" என்றாள். உண்மைதான். 635001-இல் 17 போக 37353, அதில் 3 போக 12451. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. செல்போனில் தட்டினால் நொடியில் தெரியும் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். வர்க்கமூலம் 111-க்கும் 112-க்கும் நடுவில், அது வரைக்குமான பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், 29 எண்கள்தான் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பேரேடு மாதிரி இரண்டு பக்கமும் கோடு போட்டிருந்தாள். இடப்பக்கம் வகுக்கும் எண், வலப்பக்கம் மீதி. 7-க்கு 5. 11-க்கு 10. 13-க்கும் 10. 59-க்கு மீதி 2 என்ற இடத்தில் அடித்துத் திருத்தித் திரும்ப வகுத்திருந்தாள். 83-க்கு மீதி 1, அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் "சே" என்று எழுதியிருந்தாள். 109-க்கு மீதி 25. அதன் கீழே இரட்டைக் கோடு இழுத்து, மொத்தம் எழுதுகிற இடத்தில்:

"12451 – யாரோடயும் டேலி ஆகலை."